பார்த்த பக்கம் எங்கே போச்சு? பிரவுசர் ஹிஸ்டரியைச் சேமிப்பது, தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கணினி கற்றுக்கொள்ள வருகிறவர்களும், ஆய்வு மாணவர்களும், குடும்ப ஆவணம் தேடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். “போன மாதம் ஒரு பக்கம் பார்த்தேன், இப்போது கிடைக்கவே மாட்டேன் என்கிறது” என்பதுதான் ஏறக்குறைய எல்லோரும் சொல்வது. அதற்கு வழி இருக்கிறது, பெரும்பாலும் காசு செலவில்லாமல்.

பிரவுசரிலேயே ஹிஸ்டரி இருக்கிறதே, தனியாக எதற்குச் சேமிக்க வேண்டும்?

பிரவுசர் எழுதி வைப்பது மிகக் குறைவு. பக்கத்தின் முகவரி, தலைப்பு, எத்தனை முறை போனீர்கள், எப்போது போனீர்கள், எங்கிருந்து அங்கே போனீர்கள், அவ்வளவுதான். பக்கத்துக்குள் நீங்கள் படித்த ஒரு வரிகூட அதில் இருக்காது. “சாத்தனூர் அணையிலிருந்து எத்தனை கனஅடி திறந்தார்கள்” என்று கட்டுரையின் நடுவில் படித்தது நினைவிருக்கும், தலைப்பு நினைவிருக்காது. அப்படியானால் ஹிஸ்டரியில் தேடிப் பயனில்லை. காலக்கெடு விஷயமும் இருக்கிறது, அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

எத்தனை நாள் ஹிஸ்டரி தங்கும்?

குரோம் 90 நாள் வைத்திருக்கும். அதற்கு முந்தையதை உங்களிடம் கேட்காமலே அழித்துவிடும். பலருக்கு இது தெரியாது. தீபாவளி சமயத்தில் பார்த்ததைச் சித்திரையில் தேடுவார்கள், அது எப்போதோ போயிருக்கும். எட்ஜும் குரோமின் அடித்தளத்தில் ஓடுவதுதான், அங்கேயும் கிட்டத்தட்ட இதே கணக்கு.

ஃபயர்ஃபாக்ஸில் நாள் கணக்கு கிடையாது. உங்கள் கணினியின் திறனைப் பார்த்து, இத்தனை பக்கம்வரை என்று ஓர் உச்சவரம்பை அதுவே வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டும்போது மிகப் பழையது முதலில் போகும். சாதாரணமாகப் பயன்படுத்துகிறவருக்குச் சில வருடத்து ஹிஸ்டரி அப்படியே இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஆய்வு வேலை செய்கிறவர்களை ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறச் சொல்கிறேன். மேக் கணினியில் சஃபாரி ஓராண்டு வைத்திருக்கும். அமைப்புகளுக்குள் போய், தானாக எதையும் அழிக்காதே என்றும் சொல்லிவிடலாம்.

இன்னொன்று. கணினி வேகமாக ஓடும் என்று சொல்லி “கிளீனர்” மென்பொருள்களைக் கடைக்காரர்கள் போட்டுத் தருவார்கள். அவற்றில் பல, ஹிஸ்டரியையும் குப்பை என்று சேர்த்து அள்ளிவிடும். போடுவதற்கு முன் அந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

இருக்கிற ஹிஸ்டரியிலேயே சீக்கிரம் தேட வழி உண்டா?

உண்டு. குரோமின் முகவரிப் பட்டையில் @ குறி போட்டு, ஒட்டியே ஹிஸ்டரி என்று ஆங்கிலத்தில் தட்டி, டேப் விசையை அழுத்துங்கள். அதற்குப் பிறகு நீங்கள் தட்டுவது எல்லாம் உங்கள் ஹிஸ்டரிக்குள் மட்டுமே தேடும், கூகுளுக்குப் போகாது. ஃபயர்ஃபாக்ஸில் ^ குறியும் ஓர் இடைவெளியும் போட்டால் அதே வேலை நடக்கும். இப்போதுதான் தவறி மூடிய டேப் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

தமிழில் தட்டித் தேடினால் கிடைப்பதில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் இதனால்தான் தேடலையே கைவிடுகிறார்கள்.

முதல் காரணம், வேற்றுமை உருபு. தலைப்பில் “கடலூரில் கனமழை” என்று இருக்கும். நீங்கள் “கடலூர்” என்று தட்டுவீர்கள். நம் கண்ணுக்கு ஒரே சொல்தான். கணினிக்கு “ர்” என்பது ரகரமும் புள்ளியும், “ரி” என்பது ரகரமும் இகரக் குறியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவிகளில் புள்ளி இடித்துவிடும். ஆகவே சொல்லை முழுதாகத் தட்டாதீர்கள். “கடலூ” என்று நிறுத்துங்கள், கடலூர், கடலூரில், கடலூருக்கு எல்லாம் வந்துவிடும். “வெள்ளம்” என்று தேடாமல் “வெள்ள” என்று தேடினால் வெள்ளத்தால், வெள்ளத்தில் இரண்டும் அகப்படும்.

இரண்டாவது, ஊர்ப்பெயரே பல. ஒரு செய்தித்தளம் புதுச்சேரி என்று எழுதும், இன்னொன்று புதுவை என்று எழுதும், மூன்றாவது பாண்டிச்சேரி என்று எழுதும். பேச்சில் பாண்டி. நான்கையும் தட்டிப் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, உள்ளே முழுக்கத் தமிழாக இருக்கும் தளங்கள் பல, தலைப்பை ஆங்கிலத்தில் வைத்திருக்கும். தமிழில் தேடிக் கிடைக்காவிட்டால் ஆங்கிலத்திலும் ஒரு முறை.

மூன்றாவது, முகவரி. தமிழ் எழுத்துள்ள முகவரி ஹிஸ்டரிக் கோப்புக்குள் தமிழாக இருக்காது. ஒவ்வொரு எழுத்துக்குறியும் சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக மாறிக் கிடக்கும். “கடலூர்” என்ற நான்கு எழுத்துச் சொல் அங்கே 54 குறிகளாக நீண்டிருக்கும். விக்கிப்பீடியா பக்கங்களில் இதைப் பார்க்கலாம். அதனால் முகவரியில் தேடாதீர்கள், தலைப்பில் தேடுங்கள்.

நான்காவது, பழைய எழுத்துரு. இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய தமிழ்ப் பக்கங்களும், அரசு அலுவலகங்களில் வானவில் போன்ற எழுத்துருவில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கிய கோப்புகளும் பார்வைக்குத் தமிழ். உள்ளே இருப்பது வேறு குறிகள். எந்தத் தேடுகருவியும் அவற்றைத் தமிழாகப் படிக்காது. அப்படிப்பட்ட கோப்பைச் சேமிக்கும்போதே கோப்பின் பெயரில் இரண்டு மூன்று தமிழ்ச் சொல் சேர்த்துவிடுங்கள். எளிய வழி இதுதான்.

குரோமை விட மனமில்லை. 90 நாளைத் தாண்டி எப்படி வைத்துக்கொள்வது?

“ஹிஸ்டரி ட்ரெண்ட்ஸ் அன்லிமிடெட்” என்று ஒரு நீட்சி (பிரவுசரோடு சேர்த்துப் போடும் சிறு நிரல்) இருக்கிறது. குரோமின் ஹிஸ்டரியைத் தன்னுடைய தரவுத்தளத்தில் பிரதி எடுத்துக்கொண்டே வரும், குரோம் அழித்த பிறகும் அந்தப் பிரதி இருக்கும். உங்கள் கணினியிலேயே இருக்கும் என்பது இதன் நல்ல அம்சம். ஆனால் நீட்சியை நீக்கினால் அதன் தரவும் சேர்ந்து போகும். ஆகவே அவ்வப்போது அதன் ஏற்றுமதி வசதியைப் பயன்படுத்திக் கோப்பாக எடுத்து வைக்க வேண்டும். நிறுவிய அன்றைக்குக் கைவசம் உள்ள 90 நாளிலிருந்துதான் அது தொடங்கும், அதற்கு முன் போனது போனதுதான்.

கூகுள் கணக்கில் “இணையம் மற்றும் ஆப்ஸ் செயல்பாடு” இயக்கத்தில் இருந்து, அதில் குரோம் ஹிஸ்டரியைச் சேர்க்கும் கட்டமும் டிக் ஆகியிருந்தால், கூகுளிடம் ஒரு பிரதி இருக்கக்கூடும். தானாக அழிப்பதற்கு 3, 18, 36 மாதம் என்று தெரிவுகள் உண்டு. கூகுள் டேக்அவுட் வழியாகத் தரவை இறக்கிக்கொள்ளலாம். நான் இதை முதல் வழியாகச் சொல்வதில்லை. நாம் என்ன படிக்கிறோம் என்கிற முழுப் பட்டியல் விளம்பர நிறுவனத்திடம் வருடக்கணக்கில் கிடப்பதைவிட நம் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் கிடப்பது மேல்.

ஹிஸ்டரிக் கோப்பையே திறந்து பார்க்கலாமா?

தாராளமாக. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் மூன்றுமே எஸ்க்யூலைட் என்கிற தரவுத்தள வடிவத்தில்தான் எழுதுகின்றன. பிரவுசரை முழுக்க மூடிவிட்டு, அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து, “டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்” என்கிற இலவச மென்பொருளில் பிரதியைத் திறங்கள். மூலத்தைத் தொடாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸில் உதவி மெனுவில் உள்ள பழுதறியும் பக்கத்திலிருந்தே அந்தக் கோப்புறைக்குப் போகலாம். அதே கோப்பில் புக்மார்க்குகளும் சேர்ந்திருக்கும்.

நேரத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நீளமான ஓர் எண்தான் தெரியும். குரோம் 1601 ஜனவரி 1 முதல் மைக்ரோவினாடிகளை எண்ணுகிறது. ஃபயர்ஃபாக்ஸ் 1970 ஜனவரி 1 முதல் மைக்ரோவினாடிகளை, சஃபாரி 2001 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணுகிறது. மூன்றையும் ஒரே அட்டவணையில் சேர்க்கும்போது இதைக் கவனிக்காவிட்டால் தேதிகள் தாறுமாறாக வரும். கிடைப்பது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும்.

பக்கத்தின் உள்ளே இருப்பதையும் சேர்த்துச் சேமிக்க என்ன வழி?

“சிங்கிள்ஃபைல்” என்கிற நீட்சி. ஒரு சொடுக்கில் படங்கள், வடிவமைப்பு உட்பட முழுப் பக்கத்தையும் ஒரே கோப்பாக்கித் தரும். இணையம் இல்லாமலே திறக்கும். கட்டற்ற மென்பொருள், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், பகிரலாம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்கிற கருவிகளில் ஒன்றை மட்டும் நிறுவுவதானால் இதை நிறுவுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில பக்கங்களுக்கு முகவரி அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூர்க் கரையோரக் கிராமங்களுக்குள் புகுந்தது. அந்த நாட்களில் வானிலைத் துறையின் அறிவிப்புப் பக்கத்தைப் பார்க்காதவர் யார்? ஆனால் அந்தப் பக்கத்தில் சில மணி நேரத்துக்கு ஒரு முறை புது அறிவிப்பு வந்து பழையதை மூடிவிடும். ஹிஸ்டரியில் இருக்கும் லிங்க்கை இன்றைக்குத் திறந்தால் இன்றைய வானிலைதான் வரும். தேவனாம்பட்டினத்து மீனவர் கடலுக்குப் போகலாமா என்று பார்க்கிற கடல்நிலை முன்னறிவிப்பும், அணை நீர்மட்டப் பக்கமும், தங்க விலைப் பக்கமும் இப்படித்தான். பயிர்ச்சேதத்துக்கோ வீட்டுச் சேதத்துக்கோ மனு எழுதுகிறவருக்கு அன்றைய அறிவிப்புத்தான் வேண்டும். பார்த்த நிமிடத்திலேயே சேமித்தால்தான் உண்டு.

எல்லாப் பக்கத்தையும் தானாகச் சேமிக்கும் வசதியும் சிங்கிள்ஃபைலில் இருக்கிறது. அதை எப்போதும் இயக்கத்தில் வைக்க வேண்டாம். வங்கிக் கணக்குப் பக்கமும் ஆஸ்பத்திரி அறிக்கையும்கூடச் சேர்ந்து கோப்பாகிவிடும்.

சேமித்த நூற்றுக்கணக்கான கோப்புகளுக்குள் எப்படித் தேடுவது?

ஆய்வு மாணவர் என்றால் ஸோட்டெரோ என்கிற, மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருள். இலவசம், 2006 முதல் இருக்கிறது. பக்கத்தைச் சேமிக்கும்போதே நூல்விவரம், தேதி, முகவரி எல்லாம் எடுத்துக்கொள்ளும், உள்ளடக்கத்தையும் அட்டவணைப்படுத்திக்கொள்ளும். பக்கத்தைப் பிரதி எடுக்க அது உள்ளே பயன்படுத்துவதும் சிங்கிள்ஃபைலைத்தான். இணைய ஒத்திசைவுக்கு இலவச இடம் 300 எம்பிதான், ஆனால் உங்கள் கணினியில் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். புதுவைப் பல்கலைக்கழகத்திலோ அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வேடு எழுதத் தொடங்குகிறவர் முதல் வாரத்திலேயே இதைப் போட்டுக்கொண்டால், மேற்கோள் பட்டியல் தயாரிக்கும்போது அந்த அருமை தெரியும்.

மற்றவர்களுக்கு டாக்ஃபெட்சர் போன்ற கோப்புத் தேடுகருவி போதும். சேமித்த கோப்புறையைக் காட்டினால் உள்ளே உள்ள சொற்களை வைத்துத் தேடித் தரும். சொல்லின் அடிப்பகுதியைத் தட்டிப் பின்னால் நட்சத்திரக் குறி போடுங்கள்.

லினக்ஸில் கை பழகியவர்கள் ஆர்க்கைவ்பாக்ஸ் பக்கம் போகலாம். ஹிஸ்டரியையே கொடுத்தால் ஒவ்வொரு முகவரியாகப் போய், பக்கம், பிடிஎஃப், ஸ்கிரீன்ஷாட் என்று பல வடிவத்தில் சேமிக்கும். நிறுவத் தெரிந்தவர்களுக்கு மட்டும். தெரியாதவர்கள் புதுச்சேரியில் உள்ள கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களிடம் கேட்கலாம்.

தாத்தாவின் பெயரைப் பிரெஞ்சு ஆவணத்தில் பார்த்தேன். மறுபடி அந்தப் படத்துக்குப் போக முடியவில்லை.

சொல்தா குடும்பத்துப் (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பத்துப்) பிள்ளைகள் பலர் இதைக் கேட்கிறார்கள். பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகம், பிரெஞ்சிந்தியாவின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் படம் பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு பதிவேட்டில் பக்கம் பக்கமாகப் புரட்டும்போது, இதுபோன்ற படக்காட்டிகளில் பெரும்பாலும் தலைப்பு மாறாது, முகவரியும் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லாது. அதனால் ஹிஸ்டரியில் ஒரே ஒரு வரிதான் விழும். அதைத் திறந்தால் முகப்புக்கோ பதிவேட்டின் முதல் படத்துக்கோ போய் நிற்பீர்கள்.

இங்கே கருவியை நம்பாதீர்கள், குறிப்பெடுங்கள். எந்த ஊர்ப் பதிவேடு, எந்த ஆண்டு, பிறப்பா திருமணமா இறப்பா, எத்தனையாவது படம், அந்தப் படத்தில் பதிவின் எண் என்ன. இந்த ஐந்தும் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம். கூடவே படத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். பெயரைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறபடியே எழுதிவையுங்கள். பிரெஞ்சில் உகரத்துக்கு இரண்டு எழுத்துப் போடுவார்கள், ஆகவே முருகன், சுப்பராயன் எல்லாம் இன்றைய பாஸ்போர்ட்டில் உள்ளது போல இருக்காது. ஒரே குடும்பத்தில் அப்பா பெயரும் மகன் பெயரில் வரும் அப்பா பெயரும் வெவ்வேறு எழுத்தில் இருப்பதுண்டு. அந்த வேறுபாடுகளையெல்லாம் ஒரே குறிப்பில் வைத்தால் பின்னால் தேடும்போது கைகொடுக்கும். பிரான்சின் தேசிய நூலகம் நடத்தும் காலிகா தளத்தில் தேடுகிறவர்களுக்கும் இதே அறிவுரைதான். அங்கே ஒவ்வோர் ஆவணத்துக்கும் நிலையான முகவரி தருகிறார்கள், பகிர்வதற்கான இடத்தில் அது இருக்கும், அதைப் பிரதி எடுங்கள்.

“பாக்கெட்”டில் சேமித்து வைத்திருந்தேன். இப்போது என்ன செய்வது?

2007-இல் தொடங்கி, 2017-இல் மொஸில்லாவின் கைக்கு வந்து, 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்ட, பக்கங்களைப் பிறகு படிக்கச் சேமித்துத் தந்த சேவை அது. ஏற்றுமதிக் கோப்பை அப்போதே எடுத்தவர்கள் அதை வாலபேக், ரெயின்டிராப் போன்றவற்றில் ஏற்றிக்கொள்ளலாம். வாலபேக்கின் நிரல் திறந்தது, சொந்தச் சர்வரிலும் ஓட்டலாம். எந்தச் சேவையாக இருந்தாலும் ஏற்றுமதிப் பொத்தான் எங்கே என்று சேரும் அன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டால் சேராதீர்கள்.

முகவரி இருக்கிறது, பக்கமே காணாமல் போய்விட்டது.

இது நினைப்பதைவிட அதிகம். 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துக் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது. பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த சமயத்துச் செய்திப் பக்கங்களைத் தேடுகிறவர்களுக்கும் அதுதான் கதி. கூகுள் தானே சேமித்து வைத்துக் காட்டிவந்த கேஷ் பிரதி 2024-இல் நீக்கப்பட்டுவிட்டது. அரசு இணையதளம் புதுப்பிக்கப்படப் போகிறது என்று தெரிந்தால், முக்கியமான பக்கத்தை நீங்களே வேபேக் மெஷினில் சேமிக்கச் சொல்லலாம், “சேவ் பேஜ் நவ்” என்று கட்டம் இருக்கிறது. உங்களுக்கு மட்டுமின்றி ஊருக்கும் பயன்படும் வேலை அது. தனிப்பட்ட விவரம் உள்ள பக்கத்தை மட்டும் அங்கே கொடுத்துவிடாதீர்கள்.

போனில்தான் எல்லாம் பார்க்கிறேன்.

ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சி போட முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் போடலாம், சிங்கிள்ஃபைலும் அங்கே ஓடும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்குள் தொட்ட லிங்க் அந்தச் செயலியின் சொந்த ஜன்னலில் திறக்கும், குரோம் ஹிஸ்டரியில் வராது. “நிச்சயமாகப் பார்த்தேன், ஹிஸ்டரியில் இல்லை” என்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். மூன்று புள்ளியைத் தொட்டு, பிரவுசரில் திற என்று கொடுங்கள். வேறொன்றும் வேண்டாம் என்றால், பகிர்வு மெனுவில் அச்சிடு என்பதைத் தொட்டுப் பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம்.

நீட்சிகளை நம்பலாமா?

எல்லாவற்றையும் நம்பக்கூடாது. ஹிஸ்டரியோ பக்கமோ சேமிக்கிற நீட்சி உங்கள் ஹிஸ்டரியையோ நீங்கள் போகும் தளங்களையோ படிக்க அனுமதி கேட்கும், அது இல்லாமல் வேலை செய்ய முடியாது. அதனால்தான் ஆபத்து. ஸ்டைலிஷ் என்கிற பிரபலமான நீட்சி பயனர்களின் ஹிஸ்டரியைத் தன் சர்வருக்கு அனுப்பியது 2018-இல் வெளியே வந்தது, குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைக் கடையிலிருந்து எடுத்தன. நிரல் திறந்ததா, தரவு உங்கள் கணினியிலேயே தங்குகிறதா, கணக்குத் தொடங்கச் சொல்கிறதா என்று பாருங்கள். தேவையில்லாமல் கணக்குக் கேட்டால் நான் அதோடு விட்டுவிடுவேன்.

விண்டோஸில் “ரீகால்” வந்திருக்கிறதாமே?

செயற்கை நுண்ணறிவு வேலைக்கென்றே தனிச் சில்லு உள்ள கோபைலட் பிளஸ் கணினிகளில் மட்டும். சில வினாடிக்கு ஒரு முறை திரையைப் படமெடுத்துத் தேட உதவுகிறது. 2024 மே மாதம் அறிவித்து, பாதுகாப்புக் குறித்த எதிர்ப்பால் தள்ளிப்போய், 2025 ஏப்ரலில் வந்தது. நீங்கள் இயக்கினால்தான் இயங்கும். குடும்பமே ஒரு கணினியைப் பயன்படுத்தும் வீட்டில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்காக்னிட்டோவில் பார்த்ததை மீட்கலாமா?

முடியாது. ஹிஸ்டரி பதியாத அந்தத் தனி ஜன்னலை மூடியதும் போய்விடும்.

பிரவுசிங் சென்டரில் பார்த்ததை?

அங்கே எதையும் தங்க விடாதீர்கள். இன்காக்னிட்டோவில் திறந்து, வேண்டிய பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறி, டவுன்லோட் கோப்புறையையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள். சாதிச் சான்றிதழும் ஆதார் பிரதியும் அந்தக் கோப்புறையில் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

சேமித்த பக்கத்தை வழக்கில் காட்டலாமா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. கோப்பைத் திருத்தாமல், முகவரியும் தேதியும் தெரிகிறபடி வைத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள்.

எங்கே பத்திரப்படுத்துவது?

இரண்டு இடத்தில். ஒன்று கணினியில், இன்னொன்று வெளி ஹார்டு டிஸ்க்கில், முடிந்தால் அது வேறு வீட்டில். ஃபெஞ்சல் சமயத்தில் தரைத்தளத்து மேசைக்கடியில் சிபியு வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அக்டோபர் பிறப்பதற்குள் ஒரு பிரதி எடுத்து முடியுங்கள், டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள், அந்தக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.